திருவிருந்து நேரத்தில் எழுந்துபோகிற அம்மா

1

எங்கள் ஊர்ச் சபையில் இப்போது ஞாயிறு ஆராதனையை நேரலையில் போடுகிறார்கள். நேரலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். யாரோ ஒருவருடைய செல்போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஆயர் பாதி தெரிவார். மின்விசிறி முழுதாகத் தெரியும். பிரசங்கத்தைவிட அதன் கறகற சத்தம்தான் நன்றாகக் கேட்கும். ஆனாலும் நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில், ஞாயிறு மாலை நாலரை மணிக்குத் தேநீரோடு உட்கார்ந்து நான் அதைத் தவறாமல் பார்க்கிறேன். காரணம், பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் என் அம்மா எஸ்தர் தெளிவாகத் தெரிவார்.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிற எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லாரும் வரிசையாக முன்னால் போவார்கள். ஜனவரி மாதம் பார்க்கிறேன், வரிசை தொடங்குகிற நேரத்தில் அம்மா எழுந்தார். முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, பின்னால் திரும்பி, கதவைப் பார்த்து நடந்தார். கடைசிப் பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். போன் போட்டுக் கேட்டேன்.

"சுகர் மாத்திரை போடற நேரம்டா" என்றார்.

பிப்ரவரியிலும் அதே கதை. "அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேன், திடீர்னு ஞாபகம் வந்திச்சி" என்றார். இரண்டு மணி நேரமாகக் காய்கிற பாலை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மார்ச் மாதம் மூன்றாவது முறையாகக் கேட்டபோது அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏண்டா, சாமி கும்புட உக்காந்தியா, என்ன உளவு பாக்க உக்காந்தியா? போன வெய்யி."

என் மகள் ஜெனிக்குப் பதினாறு வயது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆயாவும் மதம் இல்லைன்னு டிக் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு ஒரு முன்கதை உண்டு.

2

இங்கே மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் படிவம் வரும். நாம் கடிதத்தில் எழுதுவதைவிட அதிகமாக அரசாங்கம் நம்மிடம் கேட்கும். வீட்டில் எத்தனை அறை, எதில் குளிர் காய்கிறாய், வேலைக்கு எதில் போகிறாய். மதம் என்ன என்றும் ஒரு கேள்வி. நான் குடும்பத் தலைவன் என்ற மிடுக்கில் எல்லாருக்கும் சேர்த்துக் கிறிஸ்தவம் என்று போடப் போனேன். ஜெனி தன் பங்கைத் தானே நிரப்பிவிட்டிருந்தாள். மதம் இல்லை.

கொஞ்சம் சத்தம் போட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "அப்பா, ஆயா சர்ச்சுக்குப் போறது நம்பிக்கை. நீ போறது பழக்கம். எனக்கு ரெண்டும் இல்ல. அதனால உண்மைய எழுதினேன்."

அடிக்கவா முடியும்? இந்த ஊரில் அதற்கும் ஒரு படிவம் இருக்கும். தவிர, அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் எனக்கு வரவில்லை. நான் டீசல் மெக்கானிக். பால் டாங்கர் லாரிகளைப் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. வயதுக்கு இத்தனை புள்ளி, அனுபவத்துக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்துத்தான் என்னை இந்த நாட்டுக்குள் விட்டார்கள். ஆங்கிலத்துக்கு எப்படிப் புள்ளி கொடுத்தார்கள் என்பது எனக்கே ஆச்சரியம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் கிளம்பும்போது நம் ஊர் வழக்கப்படி "போய்ட்டு வர்றேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மேற்பார்வையாளர் பட்டறையைப் பூட்டாமல் எனக்காக அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். பரலோகத்துக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு புள்ளிக் கணக்கு இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகள் அதில் சேர்ந்துகொண்டிருக்கும் என்று உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கேட்டால் வேறு பதில் சொல்வேன். அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தது அம்மா.

3

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபைப் பெண்கள் சங்கத்துக்கு என் நினைவு தெரிந்த நாளிலிருந்து செயலாளர். "இரட்சிப்பு இயேசு ஒருவரால் மட்டும்" என்பது அவருடைய ஒரே பிரசங்கம். மைக் கிடைத்தால் அதுதான், கிடைக்காவிட்டாலும் அதுதான். கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்கூடச் சொல்லிவிட்டு வருவார்.

சொல்வதோடு நிற்க மாட்டார். காவல் வேலையும் உண்டு. சபையில் யார் வீட்டுக் குழந்தை இடுப்பில் கறுப்புக் கயிறு, யார் புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், யார் கல்யாணத் தேதியை ராகுகாலம் பார்த்து மாற்றினார்கள் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். "இயேசுவும் வேணும், எலுமிச்சம்பழமும் வேணுமா? ரெண்டு படகுல கால் வெக்கிறியாடி?" என்று வீடு தேடிப்போய்க் கேட்பார். பாதிப் பேருக்கு ஆயரைவிட அம்மாவிடம்தான் பயம்.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் அஞ்சலையம்மா. இந்துக் குடும்பம், தலைமுறையாக விவசாயம். அம்மா இளம்பெண்ணாக இருந்தபோது அவர்கள் நிலத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கப் போயிருக்கிறார். அப்போது வாசலில் நின்று பேசிக்கொண்டவர்கள், அங்கன்வாடி வேலை வந்த பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த வாசலைத் தாண்ட எத்தனை வருடம் ஆனது என்று இருவருமே சொன்னதில்லை. அஞ்சலையம்மாவையும் அம்மா விட்டுவைக்கவில்லை. ஆடி மாதக் கூழைக் குடித்துக்கொண்டே இயேசு ஒருவரே போதும் என்று சொல்வார். அஞ்சலையம்மா இன்னொரு சொம்பு ஊற்றுவார். இருவருக்கும் இது பிடித்த விளையாட்டு.

இப்படிப்பட்ட அம்மா திருவிருந்து வாங்காமல் எழுந்துபோகிறார் என்றால் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது. பல வருடங்களாக, அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வெளியே வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலையை அவரே கேட்டு வாங்கியிருந்தார். "எஸ்தரம்மா தியாகம்" என்று ஆண்டறிக்கையில்கூட வந்தது. போன கிறிஸ்துமஸோடு பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம் கட்டி, தனியாக ஒரு டீச்சரும் வந்துவிட்டார். பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இல்லை. அம்மா மட்டும் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்.

4

மார்ச் கடைசியில் அஞ்சலையம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ராஜா, பயப்படாத. உங்கம்மா மயங்கி வுழுந்துட்டா. விழுப்புரத்துல சேத்துருக்குது. இப்ப பேசறா. பேசறான்னா, நர்சுக்கு இயேசுவப் பத்தி சொல்லிக்கினு இருக்கா."

நடந்தது இதுதான். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து நாட்கள் நாற்பதும் பொழுது சாயும்வரை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உபவாசம் என்று அம்மா முடிவெடுத்திருக்கிறார். சர்க்கரை வியாதி, எழுபது வயது. மாத்திரையை மட்டும் வேளாவேளைக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறார். சர்க்கரை இறங்கி, குழாயடியில் விழுந்துவிட்டார். இன்னும் அரை மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் நிலைமை வேறு என்று டாக்டர் சொன்னதாக அஞ்சலையம்மா சொன்னார். ஆறு வருடமாக எடுக்காத விடுமுறையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா நர்சின் அதட்டலுக்குப் பயந்து, கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "எளைச்சிட்டியேடா." நான் போன தடவையைவிட நன்றாகவே பெருத்திருந்தேன். அடுத்தபடியாக, வீட்டுக்குப் போனதும் மீதி நாட்கள் உபவாசத்தைத் தொடரப் போவதாக அறிவித்தார்.

"எதுக்கும்மா இது? இயேசு ஒருத்தரே போதும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்ற?"

"போதும்தான். யாரு இல்லன்னா? நீ லாரிய ஜாக்கி போட்டுத்தானே ஏத்தற? அப்புறமும் அடியில கட்ட வெக்கிறல்ல? உபவாசம் அந்தக் கட்ட மாதிரி. ஒரு பாதுகாப்புக்கு."

என் தொழிலையே எடுத்து என்னை மடக்கிவிட்டார். ஆனால் தொழில் எனக்கல்லவா தெரியும்.

"அம்மா, ஜாக்கியில ஆயில் கசியும். எப்ப வேணா இறங்கிடும். நம்ப முடியாதுன்னுதான் கட்டை வைக்கிறோம். இயேசுவும் கசிவார்னு சொல்றியா?"

"ஐயய்யோ! வாயக் கழுவுடா!"

"அப்ப கட்டை எதுக்கு?"

பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்துவிட்டார். என் அம்மா சிரிக்கவில்லை. இட்லித் தட்டைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நா பரலோகம் போ மாட்டேன், ராஜா" என்றார். அந்த வார்த்தையை வேறு யார் வாயிலிருந்தும் கேட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

5

இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. இரண்டு கடிதங்களும் வருந்துகிறோம் என்றே ஆரம்பித்தன. முதல் முறை அனுபவச் சான்றிதழில் முத்திரை சரியில்லை. இரண்டாவது முறை, முத்திரை சரியாக இருந்தது, தேதி சரியில்லை. மூன்றாவது முறை விண்ணப்பிக்கச் சென்னைக்குக் கிளம்ப இருந்தேன். நான் அந்த நாட்களில் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது உண்மை. அம்மா எத்தனையோ ஜெபக் கூட்டம் வைத்தார். பிறகு என்ன செய்தார் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் முதல்முறையாகச் சொன்னார்.

என் பாஸ்போர்ட்டை எடுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் இருக்க, ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் பைபிளோடு சேர்த்துச் செருகியிருக்கிறார். அஞ்சலையம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரத்தில், ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் போய் அம்மன் காலடியில் பாஸ்போர்ட்டை வைத்து அர்ச்சனை செய்து எடுத்து வந்திருக்கிறார். அடுத்த மாதம் விசா வந்துவிட்டது.

"விசா வராம இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வந்துட்டுதேடா! உன் சம்பளத்துல வாங்கின ஃபேனு ஓடறப்பெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான். ஊருல அத்தினி பேர அதட்டினேன். அப்பத்த வாங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்? அதான் வெளிய போய் செருப்புங்களாண்ட நின்னுக்குவேன்."

இருபது வருடம். நான் லாரி லாரியாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் என் அம்மா ஒவ்வொரு மாதமும் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், எனக்காகப் போன ஒரு மத்தியானத்துக்காக. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சித் தூக்கோடு அஞ்சலையம்மா உள்ளே வந்தார். இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும் தூக்கை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி எஸ்தரு! இத மனசுல வெச்சிக்கினுதான் பட்டினி கெடந்தியா? அந்த அர்ச்சன உம் புள்ளைக்கு இல்லடி. எம் புள்ளைக்கு."

"இன்னா சொல்ற?"

"பூசாரி பேரு நட்சத்திரம் கேட்டாரா இல்லியா? நீ திருதிருன்னு முழிச்ச. உங்கள்ல ஏது நட்சத்திரம்? ஞானராஜ்னு உம் புள்ள பேரச் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நாந்தான் ஜல்தியா எம் பையன் பேரும் நட்சத்திரமும் சொல்லிட்டேன். முருகன், கிருத்திகைன்னு. அந்த மாசமே அவனுக்கு மின்சார வாரியத்துல வேல வந்துது. எங்காத்தா சரியான அட்ரசுக்குத்தான் குடுத்தா."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். குற்றப்பத்திரிகையில் பெயர் தவறு என்று தெரிந்தவர் முகம். "அப்ப, அது என் மேல சேராதா?" என்று என்னைக் கேட்டார். சேராதும்மா என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

"இல்ல. எந்த நட்சத்திரமா இருந்தா இன்னா? போனது நாந்தானே. அவர நம்பாம போனது நாந்தானே."

வருடக்கணக்கில் சர்ச்சுக்குப் போகிற எனக்கு ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. அஞ்சலையம்மாதான் கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எஸ்தரு, முப்பது வருசமா எங்கூட்டுக் கூழக் குடிச்சிக்கினு எனக்கு இன்னா சொன்ன? எவ்ளோ பெரிய பாவியா இருந்தாலும் எங்க சாமி சும்மாவே மன்னிப்பாரு, நாம ஒண்ணும் பண்ண வேணாம், அவரு பண்ணது போதும்னு சொன்னியா இல்லியா? நா உங்க சாமிக்கு மாறல. மாறவும் மாட்டேன். அது வேற. ஆனா நீ சொன்னது நெசம்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனக்கே அது இல்லன்னா அப்புறம் யாருக்குடி அது?"

அம்மா கஞ்சித் தூக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"உப்பு போட்டியா?" என்று கேட்டார்.

பொழுது சாய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. இந்த முறை யாரும் அதட்டவில்லை.

6

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் திருவிருந்து ஆராதனை. அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் டிரைவரிடம் பள்ளத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லி அதட்டிக்கொண்டே வந்தார், ஆனால் சுருதி இறங்கியிருந்தது. உடம்பு சரியில்லாதவர் என்பதால் பெண்கள் பக்கம் ஓரத்தில் நானும் அவரோடு உட்கார அனுமதித்தார்கள்.

அம்மா ஆயரிடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஆயர் சின்ன வயசுக்காரர், முப்பது இருக்கும்; ஆனாலும் அம்மாவுக்கு அவர் 'ஐயர்'தான். அம்மா பேசப் பேச அவர் கண் விரிந்துகொண்டே போனது. கடைசியில், "அம்மா, வியாழக்கிழமை வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். ஏதாவது தண்டனை கொடுப்பார் என்று அம்மா எதிர்பார்த்திருக்கிறார். "ஒண்ணுமே சொல்லலியேடா" என்று அது வேறு ஒரு குறையாக இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரிசை தொடங்கியது. அம்மா எழுந்தார். கால்கள் பழக்கத்தில் கதவுப் பக்கம்தான் திரும்பின. நான் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் அது நான் கூட்டிப்போனதாக ஆகிவிடும் என்று தோன்றியது. அப்படியே நின்றார். பின்னால் இருந்த பெண்கள் வழிக்காகக் காத்திருந்தார்கள். பிறகு அம்மா முன்னால் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

முழங்கால் போட முடியாமல் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயர் ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார். உனக்காகக் கொடுக்கப்பட்டது, உனக்காகக் கொடுக்கப்பட்டது. அம்மாவிடம் வந்தார். அப்பத்தை நீட்டி, "உனக்காகக் கொடுக்கப்பட்டது" என்றார்.

அம்மா கையை நீட்டவில்லை. சபை முழுக்கக் கேட்கிற குரலில், "எனக்காகவா ஐயரே?" என்று கேட்டார்.

ஆராதனை முறைமையில் இதற்குப் பதில் கிடையாது. ஆயர் ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு, நம் ஊர்ப் பிள்ளை என்பது தெரிகிற குரலில் சொன்னார்.

"உங்களுக்குத்தாம்மா. வாங்கிக்குங்க."

அம்மா இரண்டு கைகளையும் நீட்டினார்.